கண்டக்டர் நல்லகாமனின் நாற்பத்து மூன்று காசுகள்

கிணற்றடிக் காட்டில் ஒன்றரை ஏக்கர் தன் பேருக்கு வந்த நாளில் உக்கிரபாண்டியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அலங்காநல்லூருக்கு வடக்கே இருந்த அந்த வீட்டில், தாத்தா நல்லகாமன் இறந்த முப்பதாம் நாள் விருந்துண்டு கை கழுவிய ஈரம் காய்வதற்குள், அத்தை ஒச்சாயி எழுந்து நின்று, தன் தகப்பன் சொல்லிவிட்டுப் போன பாகத்தை உறவினர்களுக்கு அறிவித்தாள். நிலம் பேரனுக்கு. வீடு, தன்னைக் கடைசிவரை கழுவித் துடைத்த மகளுக்கு. அதோடு முடிந்திருந்தால் உக்கிரபாண்டி பெருமையோடு பஸ் ஏறியிருப்பான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்ற ஒச்சாயி, பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கினாள். உள்ளே ஏதோ கலகலத்தது. பேரப் பிள்ளைகள் தாத்தாவைச் சீயான் என்பார்கள். "ஒங்க சீயானோட சில்லறை டின்னு. இது ஒன் தங்கச்சி செயக்கொடிக்காம். சாகுறதுக்கு ரெண்டு நாளு முன்ன நாலு தடவ சொல்லிட்டாரு. நீதானே மதுரையில இருக்க, கொண்டு போயிக் குடுத்துரு."

உக்கிரபாண்டிக்குக் காது சுட்டது. காசு என்றால் அந்தக் குடும்பத்தில் அவன்தானே? தல்லாகுளத்தில் அரசாங்க அலுவலகத்தில் நகல் எழுத்தராக இருக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரன் அவன். பத்து ஆண்டுகளாகப் பழங்காசு சேர்க்கிறவன். மாதத்தின் முதல் ஞாயிறன்று நாணயம் சேர்ப்போர் கூடும் இடத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருப்பவன். "எங்க தாத்தா அந்தக் காலத்து பஸ் கண்டக்டர். அவர்கிட்ட ஒரு டின்னு நிறைய இருக்கு. அது என் கைக்கு வரட்டும், அப்புறம் பாருங்க" என்று அங்கே சொல்லாத மாதம் கிடையாது.

ஜெயக்கொடி அவனுடைய ஒரே தங்கை. ஆறு ஆண்டுகளுக்கு முன், செல்லூரில் தறி பழுது பார்க்கும் மருது என்பவனை மணந்துகொண்டாள். மருதுவின் பூர்வீகம் அதே ஊர்தான். ஆனால் கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஊரின் எச்சில் இலையை எடுத்தும், ஊரின் செத்த மாட்டைச் சுமந்தும், ஊர்க் கிணற்றின் நீரை மட்டும் தொடக்கூடாது என்று நிறுத்தி வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அந்தக் கால்வாயைக் கடந்து மணம் புரிந்த குற்றத்துக்காக, பிறந்த வீட்டு நன்மை தீமைகளிலிருந்து ஜெயக்கொடி நீக்கப்பட்டாள். தாத்தாவின் சாவுக்கு வந்தவள் தெருவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். "உள்ளே வா" என்று ஒரு வாய் சொல்லவில்லை. அண்ணனின் வாயும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு இந்த டின்!

"என்ன மாப்ள, மூஞ்சி தொங்குது?" என்று ஒரு உறவுக்காரர் அவன் தோளில் தட்டினார். "ஒன்றரை ஏக்கர் வந்திருக்கு. சில்லறைக்குப் போயி அழுவியா?"

"நான் எங்க அழுதேன்?" என்றான் உக்கிரபாண்டி.

அழவில்லைதான். எரிந்துகொண்டிருந்தான். இல்லாதவனை மட்டுமே பொறாமை பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் மனித மனத்தை அறியாதவர்கள். நிலம் பெற்றவன் ஒரு தகர டின்னுக்காக வெந்ததை அன்று அந்தக் கூடமே கண்டது. அவன் மனம் ஏக்கரை அளக்கவில்லை. 'இவளை நினைத்தபோது நாலு தடவை சொன்னார், என்னை நினைத்தபோது எத்தனை தடவை?' என்று அளந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே செல்லூருக்குப் போனான். தறிச் சத்தம் இரு பக்கமும் அடிக்கும் ஒடுங்கிய சந்தில், ஜெயக்கொடியின் வீட்டு வாசலில் நின்றான். ஆறு ஆண்டுகளில் இது மூன்றாம் முறை. முந்திய இரண்டு முறையும் வாசலோடு சரி.

"அண்ணே! உள்ள வாண்ணே."

"இருக்கட்டும். அவசரமாப் போகணும்."

"ஞாயித்துக்கிழம கூடவா ஒனக்கு அவசரம்? சாயப்பட்டறைக்காரனுக்குக் கூட இன்னைக்கு லீவு."

அவன் டின்னை நீட்டினான். அத்தை சொன்னதைச் சொன்னான். ஜெயக்கொடி டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மிட்டாய்ப் பொட்டலங்களைப் போல, பழுப்பேறிய தாளில் பொதிந்து நூலால் கட்டிய சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை அழுத்திப் பார்த்தாள். காசு.

"எனக்கு இதுல என்னாண்ணே தெரியும்? நீதான் இதுல பெரிய ஆளு. எடுத்துட்டுப் போயி என்னாண்டு பாத்துச் சொல்லு."

உக்கிரபாண்டியின் கை அவனுடைய அனுமதி கேட்காமலே நீண்டது.

"ஒண்ணு மட்டும்," என்றாள் அவள். "வெறும் சில்லறைதான்னா நீயே வச்சுக்க. ஒனக்குத்தான் காசுன்னா உசுரு. ஆனா சீயான் எதுக்கு எனக்குன்னு சொன்னாரு? காரணம் இருக்குமில்ல? அது என்னாண்டு தெரிஞ்சா எனக்குச் சொல்லிரு. அப்ப டின்னு எனக்கு வேணும்."

"சரி சரி," என்றான் அவன். சந்தைத் தாண்டும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மாலை, அலுவலகம் விட்டு வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூடக் கழற்றாமல் டின்னைக் கவிழ்த்தான். நாற்பத்து மூன்று முடிச்சுகள். தாள்கள் எல்லாம் பழைய பஸ் டிக்கெட்டுகள். நூலை அறுத்தான், தாளை உரித்தான், காசை வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டைக் காலணா. அடுத்தது, சதுர அரையணா. அதற்கடுத்து, ஓரம் வளைந்த ஓரணா. மறுபடியும் ஓட்டைக் காலணா. விக்டோரியா ராணியின் முகம் தேய்ந்த செம்பு ஒன்று. சுதந்திரத்துக்குப் பின் வந்த குதிரைக் காசு நான்கு. நயா பைசாக்கள் சில.

அரிய காசு ஒன்றாவது இருக்க வேண்டுமே! இல்லாவிட்டால் கிழவன் எதற்காகப் பொதிந்து வைத்தான்? கண்ணாடி வில்லையை வைத்து ஆண்டுகளைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், விளிம்பைப் பார்த்தான். நாற்பத்து மூன்றும் ஊரெல்லாம் புழங்கிய காசுகள். அவனுடைய ஆல்பத்தில் இவற்றைவிடத் தெளிவானவை இருந்தன.

ஆனாலும் பொறாமை கொண்டவன் 'ஒன்றுமில்லை' என்பதை ஏற்பானா? தங்கைக்குக் கொடுத்தது வெறுங்காசாக இருக்க முடியாது. தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மதிப்பை அதில் ஒளித்து வைத்து, கிழவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தான். நான்கு மாலைகள் உட்கார்ந்தான். அரசர் வாரியாகப் பிரித்தான், ஆண்டு வாரியாக அடுக்கினான். புதிய ஆல்பம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு காசையும் அதன் சிறு பையில் செருகி, கீழே சீட்டு ஒட்டி, நகல் எழுத்தருக்கே உரிய முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான்: விக்டோரியா. ஐந்தாம் ஜார்ஜ். ஆறாம் ஜார்ஜ்.

உரித்த தாள்களில் பென்சில் கிறுக்கல் இருந்ததை அவன் காணாமல் இல்லை. கண்டக்டர் வீட்டில் வளர்ந்தவன் அவன். பென்சில் கிறுக்காத டிக்கெட் எங்கே உண்டு? ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம் என்று தாத்தா கிறுக்கித் தள்ளிய டிக்கெட் துண்டுகள் அந்த வீட்டில் கூடை கூடையாகச் சேரும். விடிந்தால் அவற்றைக் கொண்டுதான் வெந்நீர் அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை அவன் தன் மனைவி செல்லத்தாய்க்கும் கற்றுக் கொடுத்திருந்தான். அவள் காலை தோறும் அவனுடைய மேசையடியைக் கூட்டி, தாள்களை அள்ளி, அடுப்பில் போட்டாள். நான்கு காலைகள். நான்கு அண்டா வெந்நீர்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அப்துல் அலீமின் கடைக்குப் போனான். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தொன்றில், பித்தளை அண்டாக்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே அமர்ந்து பழங்காசு வாங்கி விற்கிறவர் அவர். மதுரையில் காசு சேர்க்கிற எவரும் அவர் சொல்லுக்கு மேல் சொல் சொல்ல மாட்டார்கள்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சாய் சொல்லவா?" ஆல்பத்தைப் புரட்டினார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "எல்லாம் நடப்பு மாலுதான். பழைய செம்பு வெலைக்குப் போடலாம்."

"நல்லாப் பாருங்க பாய். எங்கயாவது ஒண்ணு?"

"நாப்பது வருசமாப் பாக்குறேன், இதையா நல்லாப் பாக்கணும்?" என்று சிரித்தவர், மறுபடியும் புரட்டினார். புரட்டிய விரல் நின்றது. "ஆனா ஒரு சங்கதி. காசு சேக்குறவன் ஒரே மாதிரி காசு ரெண்டு வச்சுக்க மாட்டான். இவரு ஓட்டைக் காலணாவே பதினொண்ணு வச்சிருக்காரு. எல்லாமே பொடிக் காசு. ஒரு முழு ரூவா இல்ல, ஒரு வெள்ளி இல்ல. காசைச் சேக்குறதுக்காக இவரு சேக்கல தம்பி. வேற என்னத்தையோ சேத்திருக்காரு."

ஓர் ஓட்டைக் காலணாவை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டினார். பச்சைக் களிம்போடு ஒரு துண்டுத் தாள் அதில் ஒட்டியிருந்தது. "இதென்ன?"

"சுத்தி வச்சிருந்த டிக்கெட்டு. இது மட்டும் பிய்யல."

"மத்ததெல்லாம்?"

உக்கிரபாண்டி ஆல்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அப்துல் அலீம் ஆவி பறக்கும் தேநீர்க் குவளையின் மேல் அந்தக் காசைப் பிடித்துப் பிடித்து, களிம்பு இளகியதும் தாளைக் கிழியாமல் மெல்லப் பிரித்தெடுத்தார். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. கட்டணமும் இல்லை, இறங்கும் இடமும் இல்லை.

'முத்துத்தாய். கால்வாய்ப் பாலம். 3-6-46. கையில் கொடுத்தாள். முதல்.'

"யாரு தம்பி இந்த முத்துத்தாய்?"

முத்துத்தாய் யார் என்று உக்கிரபாண்டிக்குத் தெரியும். மருதுவின் தாய். அவனுடைய தங்கையின் மாமியார்.

பித்தளை அண்டாக்கள் அவனைச் சுற்றி வந்தன. கையில் கொடுத்தாள்! அந்த இரண்டு சொற்களும் அவன் கண்முன் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தின. ஏழு வயதில், தாத்தாவின் பஸ்ஸில், முன் இருக்கையில் அவன் இருக்கிறான். கால்வாய்ப் பாலத்தில் ஏறுகிறவர்கள் உட்காருவதில்லை. பின்படியை ஒட்டி நிற்கிறார்கள். கண்டக்டர் வந்ததும் காசை அவர் கையில் வைப்பதில்லை. நீட்டிய உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, விரலை விடுகிறார்கள். காசு விழுகிறது. வேறு கண்டக்டர்கள் டிக்கெட்டையும் அப்படியே மேலிருந்துதான் போடுவார்கள். பக்கத்து ஊர் பஸ்ஸிலும் அப்படித்தான். மனிதன் தொட்டால் தீட்டு. மனிதன் தொட்ட காசு தீட்டில்லை! அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், கோயில் உண்டியலில் போடலாம், பெட்டியில் வைத்துப் பூட்டலாம். கொடுத்த விரலை மட்டும் தொடக் கூடாது. இந்த நாகரிகத்தைப் படைத்தவர்கள்தாம் நம்மைப் பார்த்து ஒழுக்கம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள்! ஏழு வயது உக்கிரபாண்டிக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பஸ் என்றால் இப்படித்தான் என்றிருந்தான். ஆனால் அந்த முன் இருக்கையிலிருந்து அவன் வேறொன்றையும் பார்த்திருக்கிறான். தாத்தா விசில் ஊதாமல் நிற்பார். "கையில வையி. வச்சாத்தான் வண்டி போகும்" என்பார். வண்டிக்குள் இருக்கிற பெரிய மனிதர்கள் கத்துவார்கள். தாத்தாவுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அவனுக்கு அன்று வெட்கமாக இருந்தது.

நாற்பத்து மூன்று பேர். பிறந்தது முதல் மேலிருந்து போட்டே பழகிய நாற்பத்து மூன்று பேர், முதல் முறையாகக் கையில் வைத்த காசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கிழவன் நாணயம் சேர்க்கவில்லை, மனிதர்களைச் சேர்த்தான்.

இதை அறிந்த கணத்தில் உக்கிரபாண்டியின் நெஞ்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். நெகிழவில்லை; மேலும் இறுகியது. முதல் காசே அந்த வீட்டுக்குரியதா? தான் ஜெயக்கொடிக்குப் பத்து வயது மூத்தவன்; முன் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன். இவள் பிறக்கும் முன்பே தொடங்கிய கதை, இவளுடைய சொத்தாவது எப்படி? எவன் கையைப் பிடித்தாளோ அந்தக் கையினால் கிழவனின் மனத்தையும் பிடித்துக்கொண்டாளே! தங்கை மீது அவனுக்கிருந்த பொறாமை, மருது மீதும், மருதுவைப் பெற்றவள் மீதும், பரந்து பரந்து ஒரு குடும்பத்தையே சுற்றி வளைத்தது.

அந்த வேகத்தில் அவனுக்கு ஒன்று விளங்கியது. டிக்கெட்டுகள் எரிந்துவிட்டன. இந்தத் துண்டைத் தவிரச் சாட்சி எதுவும் இல்லை. 'வெறும் சில்லறைதான்' என்று சொன்னால் போதும், டின் அவனுடையது. அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"யாரோ தெரியல பாய்," என்றான்.

மறுநாள் ஞாயிறு காலை செல்லூரில், முதன்முறையாக அவன் வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தான். பொய் சொல்ல வருகிறவனுக்குப் பணிவு கூடிவிடுகிறது. மருது தறிக்கூடத்தில் ஒரு பழுதுக்காகப் போயிருந்தான். ஜெயக்கொடி பாய் விரித்தாள். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"எம்புட்டு அழகா ஒட்டியிருக்க! ஏதாவது தெரிஞ்சுச்சாண்ணே?"

"எல்லாம் பாத்துட்டேன். அப்துல் அலீம் பாய்கிட்டயும் காட்டிட்டேன். ஒண்ணுமில்ல. வெறும் சில்லறை."

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் முகம் சிறுத்துப் போனது. அது அவனுக்கு இனித்தது என்பதை மறைத்து என்ன பயன்? ஏழு நாளாக எரிந்த இடத்தில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது.

"சரி," என்றாள். "சொன்ன சொல்லுதான். நீயே வச்சுக்க. நம்ம மேல இருந்த பிரியத்துல ஏதோ சொல்லிருக்காரு போல."

அவன் ஆல்பத்தை எடுக்கக் கை நீட்டிய நேரத்தில் முத்துத்தாய் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயது, தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துச் சிவந்து வெடித்த விரல்கள். விருந்தாளியைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினாள்.

"வாங்க சாமி. காப்பி போடச் சொல்லுறேன்."

"அத்தை, இது சீயானோட காசு. பாருங்க," என்றாள் ஜெயக்கொடி.

"கண்டக்டரய்யா காசா?" கிழவி குனிந்து பார்த்தாள். பையிலிருந்து ஓர் ஓட்டைக் காலணாவை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். "இம்புட்டையும் வச்சிருந்தாரா மனுசன்! கையில குடுத்ததும் சட்டைப் பையில போட்டுக்குவாரு. அப்புறம் தன் மடியில இருந்து ஒரு காசை எடுத்து கம்பெனிப் பையில போடுவாரு. ஏன்னு கேட்டா, 'இது கம்பெனிக்குச் சேராது'ம்பாரு."

"என்ன அத்தை சொல்லுறீங்க?" என்றாள் ஜெயக்கொடி. "எனக்குப் புரியல."

உக்கிரபாண்டி அவசரமாகக் கையை நீட்டினான். "அந்தக் காசக் குடுங்க, உள்ள வைக்கணும்."

முத்துத்தாய் அவன் கையைப் பார்த்தாள். காசை அந்தக் கைக்கு ஒரு சாண் மேலே கொண்டுவந்தாள். விரலை விட்டாள்.

காசு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் அதை நினைத்துச் செய்யவில்லை. நினைத்துச் செய்திருந்தால் அவன் பொறுத்திருப்பான். மூச்சு விடுவதைப் போல அது நடந்தது. இந்தக் கை எந்த வகைக் கை என்று அவளுடைய விரல்கள் தாமாகவே அறிந்து வைத்திருந்தன.

"என்ன அத்தை இது?" என்று ஜெயக்கொடி சட்டென்று எழுந்தாள். "அது எங்கண்ணன் அத்தை!"

"அடி ஆத்தே, பழக்கத்துல வந்துருச்சுடி. ஒங்கண்ணன் வேட்டி மடிப்பைப் பாத்ததும் கை தானா மேல போயிருச்சு." கிழவி வெட்கத்தோடு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஒங்க சீயான்கிட்டயும் மொதல்ல இப்படித்தான். அவரும் அப்படித்தான், டிக்கெட்டை மேல இருந்துதான் போடுவாரு. ஒரு நா நான் கோழிக் கூடையோட நிக்கிறேன். அவரு போட்ட டிக்கெட்டு என் கைக்கு வரல, காத்துல வெளிய பறந்துருச்சு. அடுத்த நிறுத்தத்துல செக்கரு ஏறுனான். டிக்கெட்டு எங்கடின்னான். கண்டக்டரய்யா குடுத்தேன்னு சொல்லிப் பாத்தாரு, அவன் கேக்கல. எறக்கி விட்டுட்டான். உச்சி வெயில்ல மதுர வரைக்கும் நடந்தேன். நாலு கோழியில ரெண்டு வழியிலேயே செத்துப் போச்சு."

"அப்புறம்?"

"மறுநா ஏறுனேன். கோழி போன வயித்தெரிச்சல், பயமெல்லாம் போயிருச்சு. 'அய்யா, கையில குடுத்திருந்தாப் பறந்திருக்குமா?'ன்னு அம்புட்டுப் பேரு முன்னால கேட்டுப்புட்டேன். வண்டி கப்புசிப்புன்னு ஆயிருச்சு. அடிக்கப் போறாருன்னு கண்ண மூடுனேன். மனுசன் கைய நீட்டி, 'அப்ப நீயும் கையில குடு'ன்னாரு. வச்சேன். அவரு கையி சொரசொரன்னு இருந்துச்சு. அதுக்காக அவரு வாங்குன அடி கொஞ்சமா? பாலத்துலயே மூணு பேரு மறிச்சுத் தோள எறக்கிப்புட்டானுக. கம்பெனிக்காரன் மூணு மாசம் வேலைக்கு வராதன்னுட்டான். வந்த அன்னைக்கே மறுபடியும், 'கையில வையி'ங்கிறாரு!"

பேசும்போது அந்த முதியவளின் முகம் ஒளிர்ந்தது. அந்த ஒளியை உக்கிரபாண்டி பார்த்தான். ஒரு பெண், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு கையின் சொரசொரப்பை நினைவில் வைத்திருக்கிறாள். அதே பெண், ஒரு நிமிடத்துக்கு முன், அவன் கைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டாள். பொறாமை அவனுக்குள் திசை மாறியது. தங்கையிடமிருந்து விலகி, நேரே சுடுகாட்டுக்குப் போய், எரிந்து போன அந்தக் கிழவன் மீது விழுந்தது. அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே! டின்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் கிடைக்காதே! நாற்பத்து மூன்று காசும் தன் வீட்டில் இருக்கலாம். அவற்றில் ஒன்றையும் தன் கையில் எவரும் வைக்கவில்லையே!

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தான்.

ஜெயக்கொடி படித்தாள். எழுத்துக் கூட்டி, உரக்க, மாமியாருக்குக் கேட்கும்படி மறுபடியும் படித்தாள். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "இது எப்ப கெடச்சுச்சு?"

"நேத்து."

"அப்ப இன்னைக்கு ஏன் ஒண்ணுமில்லன்ன?"

அவன் தலை தாழ்ந்தது.

"மத்த காசுலயும் தாளு இருந்துச்சே. நான் பாத்தேனே. அதுலயும் பேரு இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"எங்க?"

"வெந்நீர் அடுப்புல போயிருச்சு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அறைந்தது. "நாப்பத்திரெண்டு பேரை எரிச்சுக் குளிச்சிட்டு, சுத்தமா வந்து உக்காந்து, ஒண்ணுமில்லன்னு சொன்னியாண்ணே?"

"செயக்கொடி..."

"டின்னு எனக்கு வேணும். ஆல்பமும் எனக்கு வேணும். எந்திரிச்சுப் போ."

அவன் எழுந்தான். வாசல்வரை போனான். வெளியே தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அங்கே நின்றபடி, திரும்பாமலே கேட்டான்: "அவங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியுமா?"

"யாருக்கு?"

அந்த உறவுப் பெயரை ஆறு ஆண்டுகளில் அவன் ஒருமுறையும் சொன்னதில்லை. "அத்தைக்கு."

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தக் காசு யாருதுன்னு கேக்குறீகளா?" என்றாள் முத்துத்தாய். "காசு என்ன கன்னுக்குட்டியா, அடையாளம் சொல்ல? ஆனா பாலத்துல ஏறுனது யாரு யாருன்னு கொஞ்சம் தெரியும். பாதிப் பேரு செத்துட்டாக."

மன்னிப்பு ஜெயக்கொடியின் முகத்தில் இல்லை. ஆல்பத்தைப் பாயின் மேல் போட்டாள். "ஒனக்கு நல்ல கையெழுத்து. எழுதித் தொலை. எழுதி முடிச்சதும் போயிரணும்."

உக்கிரபாண்டி பாயில் அமர்ந்தான். பேனாவைத் திறந்தான். முதல் பக்கத்தில், தன் கையாலேயே முத்து முத்தாக எழுதிய 'ஆறாம் ஜார்ஜ்' என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். களிம்பேறிய காசுக்குக் கீழே 'முத்துத்தாய்' என்று எழுதினான். அந்த ஒரு காசுக்குத்தான் உரியவர் யாரென்று உறுதியாகத் தெரியும். மற்றவை எவை எவருடையவை என்பதை இனி உலகில் எவரும் சொல்ல முடியாது. அப்படிச் செய்தது அவன். ஆகவே கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தில் பெயர்களை மட்டும் எழுதத் தொடங்கினான்.

"சடையன்," என்றாள் முத்துத்தாய். "மேல்கோடி வீடு. கையில வச்சிட்டு அழுதுட்டான். அப்புறம் பொம்மி. அவ வைக்கவே மாட்டேன்னா, ஒங்க சீயான் ஒரு பர்லாங்கு அவகூட நடந்துக்கிட்டே கெஞ்சுனாரு, டிரைவரு வண்டிய உருட்டிக்கிட்டே பின்னால வாரான்! அப்புறம் கருப்பாயி..."

ஒவ்வொரு பெயரோடும் கண்டக்டரய்யா வந்தார். ஒவ்வொரு முறையும் கிழவி சிரித்தாள். ஒவ்வொரு சிரிப்பும் அவனைக் குத்தியது. இந்தப் பக்கத்தில் எந்த வரியிலும் தன் பெயர் வராது. வரவேண்டிய நியாயமும் இல்லை. அது தெரிந்தே எழுதினான். பதினோராவது பெயரில் முத்துத்தாய் நின்றாள், நெற்றியைத் தேய்த்தாள்.

"ஞாபகம் வர மாட்டேங்குது. கொஞ்சம் பொறுங்க சாமி."

"சாமின்னு சொல்லாதீங்கத்தை," என்றான் உக்கிரபாண்டி, தாளிலிருந்து தலை தூக்காமல். "மெதுவா நெனச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."